புளியங்கொம்பு வில்

"ஏனுங்க, செயிலுக்குப் போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்கன்னா ஊட்டுக்குள்ள உக்காந்து செதுக்கக் கூடாதா? இப்படி நாலு பஸ்ஸு நிக்கிற எடத்துலயா?"

சாலம்மாள் சோற்றுப் போசியை நிழற்குடைக்குள் வைத்துவிட்டுப் புருஷனை முறைத்தாள். அர்த்தநாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடுப்பளவு நீளமுள்ள புளியங்கொம்பைத் தொடைமேல் சாய்த்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தார். மரத்தூள் மாவு போல வேட்டியில் உதிர்ந்தது.

"வெளிச்சம் இங்கதான் புள்ள நல்லாருக்குது."

மல்லசமுத்திரம் போகும் சாலையில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு நான்கு நாளாக இதுதான் வேடிக்கை. முதல் இரண்டு கொம்புகளும் வளைக்கும்போதே படாரென்று முறிந்தன. மூன்றாவதை நடுவில் தடிப்பாக விட்டு, இரு முனைக்கும் மெலிதாகச் சீவி, விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டியிருந்தார். முனைகளில் காடி வெட்டி, கற்றாழை நாரில் முறுக்கிய கயிற்றை இப்போதுதான் மாட்டினார். கொம்பு வளைந்து வில்லானது.

"மாமா, மேக்கால பக்கம் விறைப்பா நிக்குது. இன்னும் ரண்டு சீவு சீவுங்க," என்றான் டீக்கடை கந்தன். வடை சரியாக வேகிறதா என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை.

"கொஞ்சம் கிரீசு தடவுனா நல்லா வளையுமுங்க," என்றார் போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிற ஒருவர். பக்கத்துத் தெருப் பையன் கோகுல்ராஜ் செல்போனில் படம் பிடித்து, 'காட்டுப்பன்னிக்கு எமன்' என்று ஸ்டேட்டஸ் வைத்தான். வில் செய்ய ஒரு ஆள். யோசனை சொல்லப் பதினாறு ஆள்.

சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஏழு மாதம் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கைக் கரட்டுக் குன்றிலிருந்து இறங்கிய பன்றிகள் ஒரே வாரத்தில் உழுதுவிட்டுப் போனது உண்மைதான். நஷ்டஈடு கேட்டு வனத்துறைக்கு ஐந்து மனு கொடுத்தும், "நேர்ல பார்க்காம ஒண்ணும் எழுத முடியாது, ஜீப்பு ரிப்பேரு" என்றே பதில் வந்ததும் உண்மைதான். அதற்காக இப்படியா? வீட்டுக் கோழியை அறுக்கவே அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மனுஷன் இவர்!

"கேசு போட்டா சாமீனுக்குக்கூட ஆளு கெடைக்காதுங்க. தூக்கிப் போட்டுட்டு ஊட்டுக்கு வாங்க, உங்க காலுல உளுகறேன்."

"சோத்தைப் போடு புள்ள. பசிக்குது."

அவர் இரண்டாவது கவளம் எடுப்பதற்குள் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு வண்டி. காக்கி உடுப்பில் ஆறு பேர் குதித்தார்கள். வன அதிகாரி சந்திரசேகர் லத்தியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். யோசனை சொன்ன பதினாறு பேரில் டீக்கடைக் கந்தனைத் தவிர ஒருவர்கூட அங்கே இல்லை. அவனும் அவசரமாக வடையைத் திருப்பினான்.

"வேட்டைக்கு வில் செய்யறதா தகவல் வந்துச்சு. நீதானா?"

"ஆமாங்க," என்றார் அர்த்தநாரி, கையைக் கழுவிக்கொண்டே.

"அம்பு எங்கே?"

"இன்னும் செய்யலீங்க."

"சார், அம்பே இல்லாம அது வெறும் குச்சிதானுங்களே சார்!" சாலம்மாள் கும்பிட்டாள்.

"அம்மா, எங்களுக்கு நோக்கம்தான் முக்கியம். நோக்கத்தை நிரூபிச்சுட்டா கேஸ் நிக்கும். பன்றி மேஞ்ச காடு எது? நடங்க!"

அழிந்து கிடந்த கிழங்குக் காட்டைப் பார்த்ததும் அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. பன்றிகளுக்கு இவ்வளவு பலமான விரோதியை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. டேப் பிடித்து அளக்கச் சொன்னார். குளம்படிகளை எண்ணச் சொன்னார். தோண்டிக் கிடந்த கிழங்குகளை நான்கு பக்கமும் நின்று படமெடுக்க வைத்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"காட்டுப்பன்றிகளால் இரண்டே கால் ஏக்கர் மரவள்ளிப் பயிர் முற்றிலும் அழிக்கப்பட்டிருப்பதை நேரில் பார்வையிட்டு உறுதி செய்தேன். எனவே மேற்படி நபருக்கு வேட்டையாடப் போதிய காரணம் உள்ளது."

கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார்.

"இதுல ஒரு நகல் எனக்குக் கெடைக்குமுங்களா?" என்றார் அர்த்தநாரி பணிவாக.

"உனக்குக் குடுத்தே ஆகணும். சட்டம்!" அதிகாரி அடியிலிருந்த கார்பன் நகலைக் கிழித்து அவர் கையில் திணித்தார். அர்த்தநாரி அதை நான்காக மடித்து, மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

சாலம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். ஊருக்குள் எந்தப் பாவி போன் பண்ணிக் காட்டிக்கொடுத்தானோ, அவன் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று வாய்விட்டே சபித்தாள்.

"அவரைத்தாம்மா இப்பக் கூப்பிடறேன். தகவல் சொன்னவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். பேர் சொல்லலை, நம்பர் இருக்கு." அதிகாரி தாளைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினார்.

அர்த்தநாரியின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, எதிரே நின்ற அதிகாரியின் முகத்தைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"சொல்லுங்க சார், கையெழுத்து எங்கீங்க போடோணும்?"