ஆன்சி குனிந்தால்

ஆன்சி பில்லியர்ட்ஸ் டேபிளின் மேல் குனிந்ததும் மாடியில் டேபிள் டென்னிஸ் பந்துச் சத்தம் நின்றது.

அஸ்வந்த் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். காலையிலிருந்து இதே கதைதான். அவன் விளையாடும்போது மாடியில் டொக்கு டொக்கென்று பந்து துள்ளும். பக்கத்து ஜிம்மில் இரும்பு தரையில் மோதும். வெளியே மைதானத்தில் கால்பந்துக்காரர்கள் பேர் சொல்லிக் கத்துவார்கள்.

ஆன்சி குனிந்தால் எல்லாம் அடங்கிவிடும்.

வாசலில் நிற்கும் ஜாபேஸ்தான் அதைச் செய்கிறார் என்பதை அவன் கண்டுபிடித்திருந்தான். கிளப்பின் டேபிள் டென்னிஸ் கோச். அவள் குனிந்ததும் கையைத் தூக்குவார். மாடிப்படியில் நிற்பவன் அதைப் பார்த்து மேலே காட்டுவான். ஜன்னலோரம் நிற்கும் பெண் மைதானத்துக்குக் காட்டுவாள். ஆன்சி அடித்து முடித்த பிறகுதான் கை இறங்கும். கிளப் மறுபடி சத்தம் போடத் தொடங்கும்.

அஸ்வந்த் கோயமுத்தூர் அணிக்காகக் குன்னூர் வந்திருந்தான். எத்தனையோ ஊரில் பில்லியர்ட்ஸ் ஆடியிருக்கிறான். ஒரு ஆளுக்கு ஒரு கிளப்பே இப்படிப் பயப்படுவதை எங்கும் பார்த்ததில்லை.

பயம்தான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். ஆன்சிக்கு நாற்பது வயதிருக்கும். இறுக்கிப் போட்ட கொண்டை, சிரிக்காத முகம். காலையில் அவள் பெட்டியிலிருந்து க்யூ கோலை எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் "வணக்கமுங்க்கா" என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் கிளப்பில் ஹாக்கி உண்டு, கால்பந்து உண்டு, பாட்மின்டன் உண்டு. சம்பளம் வாங்கி விளையாடும் அணி பில்லியர்ட்ஸ் ஒன்றுதான். மூன்றே பேர். இந்த மேட்சில் தோற்று லீக்கிலிருந்து கீழே இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவார்கள். இந்த அறை டேபிள் டென்னிஸுக்குப் போய்விடும். கேன்டீனில் டீ கொடுத்தவர் அவனிடமே இதைச் சொல்லியிருந்தார்.

அப்படியானால் ஆன்சி தோற்பதுதான் ஜாபேஸுக்கு நல்லது. அந்த ஆள் ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்பதுதான் அஸ்வந்த்துக்குப் புரியவில்லை.

மூன்று ஆட்டங்களில் இரண்டு அணியும் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தன. இது கடைசி. சிவப்புப் பந்தைப் பாக்கெட்டில் தள்ளினால் ஆன்சி ஜெயித்துவிடுவாள். தவறவிட்டால் அஸ்வந்த் ஒரே அடியில் முடித்துவிடுவான்.

சிவப்பு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மூலைப் பாக்கெட் தொலைவில், அஸ்வந்த் நின்ற பக்கம் இருந்தது. ஆடி மாத ஈரத்தில் டேபிளின் பச்சைத் துணி கனத்துப்போயிருந்தது. எந்தப் பந்தும் நினைத்த தூரம் ஓடவில்லை.

ஆன்சி நிமிர்ந்தாள். க்யூ நுனியில் நீலச் சாக்கட்டியைத் தேய்த்தாள். மறுபடி குனிந்தாள்.

ஜாபேஸின் கை உயர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுவிட்டான். ஜிம் வாசலில் ஒருவன் டம்பெல்லைக் கீழே வைக்கப் பயந்து பிடித்துக்கொண்டே நின்றான். யாரோ ஒரு தும்மலை ஸ்வெட்டருக்குள் அமுக்கினார்கள்.

அடித்தாள்.

சிவப்பு ஓரத்தை உரசிக்கொண்டே போனது. மெதுவாக. இன்னும் மெதுவாக. பாக்கெட்டின் வாய்க்கு வந்து நின்றேவிட்டது. அஸ்வந்த் தன் க்யூவை எடுக்கக் கையை நீட்டினான்.

விழுந்தது.

கூரை பிய்த்துக்கொண்டு போகும்போல் கத்தினார்கள். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். கால்பந்துக்காரர்கள் சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்து நடுவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அறை கைவிட்டுப்போன டேபிள் டென்னிஸ்காரர்கள்தான் இருப்பதிலேயே அதிகமாகக் கத்தினார்கள்.

ஆன்சி மட்டும் பாக்கெட் வலையில் கிடந்த பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோற்றவன் கை கொடுக்க வேண்டும். அஸ்வந்த் அவள் பின்னால் போய் நின்றான்.

"பிரமாதமுங்க்கா."

அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னான். அப்போதும் இல்லை. அவனுக்கு முகம் சுருங்கியது.

ஜாபேஸ் வந்து அவன் தோளைத் தொட்டார்.

"முன்னாடி போய் நின்னு சொல்லுங்க தம்பி. அவங்களுக்குக் காது கேக்காதுங்க. நல்லா இருந்த காதுதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல்ல போயிருச்சு."

அஸ்வந்த் அவரைப் பார்த்தான். சற்று முன்வரை மேலே தூக்கியிருந்த அவர் கையைப் பார்த்தான்.

"அப்புறம் யாருக்காகங்ணா இத்தனை அமைதி?"

ஜாபேஸ் பதில் சொல்வதற்குள் ஆன்சி திரும்பிவிட்டாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். கூட்டத்தில் ஜாபேஸைத் தேடிப் பிடித்து, தேவைக்கு மேல் உரத்த குரலில் கேட்டாள்.

"எப்படிங்ணா உழுந்துச்சு?"

எல்லோரும் கத்துவதை நிறுத்தினார்கள். ஜாபேஸ் அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றார். உதடு நன்றாகத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மொதல்ல மூலையில லேசா ஒரு டக். அப்புறம் ஒண்ணுமே இல்ல. நின்னுருச்சுன்னுதான் நெனச்சோம். அப்புறம் தொப்புன்னு உழுந்துச்சு."

"தொப்புன்னு இல்லீங்க்கா, பொத்துனு," என்று கோல்கீப்பர் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். ஜிம்காரன் அவனைத் தள்ளினான்.

ஆன்சி ஒவ்வொரு உதடாகப் பார்த்து அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அஸ்வந்த் கொஞ்ச நேரம் தயங்கி நின்றான். பிறகு அவனும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் போனான். அந்தப் பாக்கெட்டுக்கு ஆகப் பக்கத்தில் இருந்தவன் அவன்தான்.