வெட்டிய வரி

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன், ஜீவராணி கணவன் தர்ஷனிடம் தேத்தண்ணியையும் தான் எழுதிவைக்கும் கொப்பியையும் நீட்டினாள். மனச்சோர்வில் அவளுக்குத் தோன்றும் தவறான எண்ணங்களை, உளவளத்துணையாளனான அவன் அதில் சிவப்பு மையால் வெட்டுவான்.

“‘நான் ஒண்ணுக்கும் ஒதவாதவ’ன்னு இன்னைக்கு எழுதலையே?”

“அத நீங்க வெட்டுனதுலருந்து கொஞ்சம் தூங்குறேங்க.”

“ஆனா, ‘மலை நம்ம மேல வந்துரும்’னு எழுதியிருக்க?”

“செவுத்து வெடிப்பு பெருசாகுதுங்க. தங்கச்சி வீட்டுக்குப் போயிருவோமா?”

“இதுவும் அந்த நோய்தான் புள்ள.”

அதையும் வெட்டிவிட்டு, கொப்பியோடு ஹட்டனுக்கு வேலைக்குப் போனான்.

அவள் இறந்ததை அன்று மாலை கொழுந்தியாளிடம் போனில் சொன்னான்.

“ஐயோ, அக்கா மருந்து குடிச்சிருச்சா மாமா?”

மத்தியானம் சாப்பிட வந்தவளை லய வீட்டோடு சேர்த்து மலை சரிந்து மூடியதைச் சொல்ல அவனுக்கு நாக்கூசியது.

கொப்பியில் அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது.