அசையாத முள்

“எனக்கு முள்ளு தெரியலை. நீங்களே குனிஞ்சு பாருங்க,” என்றாள் எடை மெஷின் மேல் நின்றவள்.

கணக்கு வாத்தியாரான கணவர் குனிந்து பார்த்து, மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, தயங்கியபடி சொன்னார்.

“அதே அறுபத்தெட்டு.”

“பால் குடுத்தா தானா இளைச்சிடும்னு எல்லாரும் சொன்னாங்க. மூணு மாசமா ஒரு கிலோகூடக் குறையலை. இனிமே எனக்கு ராத்திரிச் சாப்பாடே வேண்டாம்.”

“பால் குடுக்கிறவ பட்டினி கிடக்கலாமா? நாளைக்கு நர்ஸைக் கேட்டுட்டு முடிவு பண்ணு.”

மறுநாள் தடுப்பூசி போடப் போன இடத்தில், நர்ஸ் முதலில் குழந்தையை எடை பார்த்தாள். ஆறு கிலோ. அடுத்து, குழந்தையைக் கணவர் வாங்கிக்கொள்ள, தாய் ஏறினாள். அறுபத்தைந்து.

“வீட்டுல அறுபத்தெட்டு வருதே?”

“உங்க மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்.”

“அதெல்லாம் இல்லை. கீழே விட்டா இவன் அழுது வீட்டை ரெண்டு பண்ணிடுவான். அதனால தூக்கிக்கிட்டேதான் ஏறுவேன். இவர் மூணு கிலோ கழிச்சுச் சொல்லுவார்.”

“எந்த மூணு கிலோ?”

“பொறந்தப்போ இவன் இருந்த...” என்று ஆரம்பித்த வாத்தியார் பாதியில் நிறுத்திக் குழந்தையைப் பார்த்தார்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். “நீங்க இளைச்சதெல்லாம் வேற எங்கயும் போயிடலைம்மா.”

தாய் மகனைக் கணவரிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ராத்திரிக்கு எனக்கும் சேர்த்துச் சமைங்க, வாத்தியாரே.”