ஐம்பது அடி

திருவெறும்பூர் குடியிருப்பு மைதானத்தில் காலை வெயிலுக்கு இன்னும் சூடு வரவில்லை. பன்னிரண்டு பெண்கள் உடற்பயிற்சிக்கு வரிசையாக நிற்கிறார்கள், பாட்டுதான் வரவில்லை. யாழினி வகுப்பை நடத்தும் முதல் நாள் இது. நேற்றுவரை நடத்திய பிரேமலதாவை இந்தப் பெண்கள்தான் கை தூக்கி ஓட்டுப் போட்டு விலக்கினார்கள். அவள் சிமெண்டு பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் போன். புல்லில் கிடக்கும் ஸ்பீக்கரின் நீல விளக்கு அசையாமல் எரிகிறது. யாழினி அதை அணைத்து அணைத்துப் போடுகிறாள். ஒவ்வொரு முறையும் அது பிரேமலதாவின் போனிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. “உங்க போன்ல புளூடூத்த ஆஃப் பண்ணுங்கக்கா.” “என் பொண்ணு கூப்பிடுவா. எப்படி ஆஃப் பண்றது?” “கூப்பிடறதுக்கு புளூடூத் எதுக்குங்க?” “டீச்சர் ஆயிட்டீங்கல்ல, நீங்களே சரி பண்ணுங்க.” வரிசையிலிருந்து அழகம்மாள் சலித்துக்கொள்கிறாள். “ஏழரைக்கு எனக்கு பஸ்ஸு. இப்படியே இருந்தா நாளைலேருந்து பழையபடி பிரேமாக்காவே நடத்தட்டும்.” பக்கத்தில் இரண்டு பேர் தலையாட்டுகிறார்கள். யாழினியின் காதோரம் வியர்வை இறங்குகிறது. ஸ்பீக்கரை அள்ளிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்கு நடக்கிறாள். இருபது அடி, முப்பது, ஐம்பது. பிரேமலதாவின் போன் அங்கே எட்டவில்லை. விளக்கு படபடவென்று துடிக்கிறது. யாழினியின் போன் திரையில் இணைப்பைத் தேடிச் சிறு வட்டம் சுற்றுகிறது. “எல்லாரும் இங்க வாங்க!” என்று கத்துகிறாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அழகம்மாள் முதலில் நகர்கிறாள், பிறகு மற்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் பிரேமலதா எழுந்து, சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி, அவசரமே இல்லாமல் அதே திசையில் நடந்து வருகிறாள்.