பெரிய டிரம் இல்லாத ஆல்பம்

பெரிய டிரம்மை மூடியிருந்த கம்பளியைப் பாடகர் ஒராசியோ உருவிக் கீழே போட்டார்.

பதினோரு நாட்களாக ஸ்டுடியோவில் அது மூடியே கிடந்தது. இருபத்தோரு வருஷம் கழித்து ‘கொதிகலன்’ ராக் குழு மறுபடி சேர்வதற்கு டிரம்மர் எவாரிஸ்தோ போட்ட ஒரே நிபந்தனை அது. காலால் மிதித்து அடிக்கும் அந்த டிரம்மைத் தொட மாட்டேன் என்றார். மற்றதையெல்லாம் தடவிக்கொடுக்கிற மாதிரி வாசிக்கிறேன் என்றார்.

ஒப்புக்கொண்டார்கள். எவாரிஸ்தோ இல்லாமல் கொதிகலன் ஏது.

மூட்டுவலி என்றார் கிட்டார்காரர் நாசரேனோ. மனைவியோடு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்தே ஆள் இப்படித்தான் என்றார்கள் வேறு சிலர். எவாரிஸ்தோ எதையும் மறுக்கவில்லை.

ஒன்பது பாட்டும் பல் டாக்டர் வீட்டில் காத்திருக்கும்போது ஓடுகிற பாட்டு மாதிரி வந்திருந்தன. போன வாரம் ஒன்றை வெளியே விட்டார்கள். ரொசாரியோ நகரமே சிரித்தது. குழுவின் பெயரை முதுகு முழுக்கப் பச்சை குத்திக்கொண்டவன் ஒருவன், இதை அழிக்க நல்ல இடம் எது என்று ஊரைக் கேட்டு எழுதியிருந்தான்.

ஒராசியோ அதைப் பலமுறை படித்தார்.

அவருக்கு அறுபத்தாறு. குரல் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் ஒரே ஒரு பாட்டாவது பழையபடி நெஞ்சில் ஏறி மிதிக்க வேண்டும். இல்லையென்றால் பல் டாக்டர் வீட்டுப் பாட்டுக்காரராகத்தான் அவர் சாகப்போகிறார்.

இன்று பத்தாவது பாட்டு. கடைசி.

“மிதி கிழவா. நாலு நிமிஷம்தான். ராத்திரி உன் மூட்டுக்கு நானே தைலம் தேச்சு விடறேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் மிலாக்ரோஸ் சிரித்துவிட்டாள். எவாரிஸ்தோ சிரிக்கவில்லை.

கேலி எடுபடவில்லை என்றதும் ஒராசியோ குரலைத் தாழ்த்தினார். உன்னிடம் வேறு எதையும் இதுவரை கேட்டதில்லை என்றார். இனிமேலும் கேட்கப்போவதில்லை என்றார்.

எவாரிஸ்தோ மாத்தே டீயின் கடைசி வாயை உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் தரையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை மிதிகட்டையில் வைத்தார்.

அடித்தார்.

இருபத்தோரு வருஷத்தால் அந்தக் காலை ஒன்றும் செய்ய முடியவில்லை. தரை அதிர்ந்தது. அதிர்வு ஒராசியோவின் முழங்கால் வழியாக ஏறி விலா எலும்பு வரை வந்தது. வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு பாட வாயைத் திறந்தார்.

டிரம் நின்றுவிட்டது.

எவாரிஸ்தோ தலையைச் சாய்த்துப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்குக் கரண்ட் போச்சே,” என்றார்.

என்றைக்கு என்று ஒராசியோ கேட்கவில்லை.

அந்த ஊரில் டிசம்பர்தான் கோடை. அந்த வெக்கையில் அவர்கள் வழக்கமாக வாசித்த கிளப்பில் கரண்ட் போகாத நாளே கிடையாது. போனால் கிட்டாரும் மைக்கும் செத்துவிடும். டிரம்முக்கு மட்டும் கரண்ட் வேண்டாம். எவாரிஸ்தோ இருட்டில் விடாமல் அடிப்பார். கூட்டம் தரையை உதைத்துத் தாளம் போடும். விளக்கு வரும்வரை ஒருவரும் நகர மாட்டார்கள். வேறெந்தக் குழுவுக்கும் இப்படி ஒரு கூட்டம் கிடையாது என்று ஒராசியோவே எத்தனையோ பேட்டிகளில் பீற்றிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கும் அப்படித்தான் அவர் அடித்தார், கூட்டம் உதைத்தது. பின்பக்கம் வயர் எரிந்து புகை சூழ்ந்ததும், டிக்கெட் இல்லாதவர்கள் நுழையாமலிருக்க அங்கிருந்த கதவை வெளியே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்ததும் பிறகுதான் தெரிந்தது.

பதினேழு பேர்.

குழுவின் மேல் குற்றமில்லை என்றது கோர்ட்.

ஒராசியோ அதைத்தான் இப்போதும் சொன்னார். மேடையில் இருந்த யாருக்கும் எதுவும் கேட்கவில்லை என்று கூண்டில் ஏறி நாம் நாலு பேரும் சொன்னோமே, அது உண்மைதானே என்றார்.

“எனக்குக் கேட்டுது.”

எவாரிஸ்தோ மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். சிறு பிள்ளைக்கு விளக்குவது போல, அவசரமில்லாமல் சொன்னார்.

“பின்னாடிலேருந்து டம்மு டம்முன்னு. நம்ம பசங்க தாளம் போடறாங்கன்னு நெனச்சேன். அதுக்குத் தகுந்த மாதிரிதான் நானும் அடிச்சேன். கொஞ்ச நேரத்துல அது தளர்ந்துபோச்சு. அசந்துட்டாங்க போல, உசுப்பி விடுவோம்னு, இன்னும் பலமா அடிச்சேன்.”