ரப்பர் தந்தி

"இவன் கழுத்துல சுத்தி இழுடே," என்றார் ஜெயிலர்.

அவன் கையில் ரப்பர் தந்தி இருந்தது. கறுப்பு. சைக்கிள் வால்வு ட்யூப் பருமன்.

எதிரே பெஞ்சில் சேர்மக்கனி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பூட்டு உடைத்துத் திருடி ஜெயிலுக்கு வந்தவன். சிறைத் தச்சுக்கூடத்தில் அவனோடு மேசைகளுக்கு உப்புத்தாள் தேய்ப்பவன். இந்த ரப்பர் கழுத்தை நெரிக்குமா என்று பார்க்க யார் வருகிறீர்கள் என்று ஜெயிலர் கேட்டபோது இவன்தான் எழுந்து வந்தான். ஒரு கட்டு பீடியாவது தேறும் என்று நினைத்திருப்பான்.

மேசைமேல் அவன் செய்த பேஸ் கிதார் கிடந்தது.

கிதார் என்று சொன்னால் சிரிப்பார்கள். கைக்குழந்தை நீளம்தான். அலுவலக மேசைகளுக்கு அறுத்து மிஞ்சிய தேக்கில் எட்டு மாதம் உட்கார்ந்து செதுக்கியது. அத்தனை குட்டியில் இரும்புக் கம்பி கட்டினால் தொளதொளத்துப் போகும். பருத்த ரப்பர் கட்டினால் பெரிய பேஸ் கிதாரின் அதே அடிக்குரல் வரும். மாதாமாதம் ஜெபத்துக்கு வரும் பாதிரியார் நாலு தந்தி வாங்கித் தந்தார். புது ரப்பர் சுருதியில் நிற்காது. இழுத்து இழுத்து விட்டு, ஒரு வாரம் அதைப் பழக்கினான்.

நாலில் தடித்ததைக் கழற்றச் சொன்னார் ஜெயிலர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இவனுடைய வழக்குக் கோப்பைப் படித்திருக்கிறார்.

அவனும் தம்பி ஞானதுரையும் ஒரே இசைக்குழு. ஒத்திகையில் தாளம் பிசகியது. பிசகியது நீ என்றான் அண்ணன். நீதான் என்றான் தம்பி. அப்போது அண்ணன் தன் பேஸ் கிதாருக்கு நாலாவது கம்பியை மாற்றிக்கொண்டிருந்தான். கையில் துடைக்கிற துணி இருந்திருந்தால் துணியால் விளாசியிருப்பான். இருந்தது இரும்புக் கம்பி.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கம்பி தம்பியின் கழுத்துத் தோலுக்குள் போய்விட்டது. கையை எடுத்த பிறகும் அது வெளியே வரவில்லை.

"என்னலே யோசிக்க? இவன் செத்தா உனக்கு அனுமதி இல்ல. சாகலன்னா நாளைக்கே வாசி."

ஜெயிலர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சேர்மக்கனிகூடச் சிரித்தான்.

அவனுக்கு வாசிக்க வேண்டும். ஆறு வருடமாகச் சுவரில் விரல் அழுத்தி வாசிக்கிறான். சுவர் ஒரு சத்தமும் தரவில்லை. வாசிப்பதற்காக எதையும் செய்யலாம் என்றிருந்தான். இதைக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

சுற்றினான்.

கைகள் தாமாகவே ஒன்றின்மேல் ஒன்று மாறிக்கொண்டன. பாழாய்ப்போன கைகள். எதையும் மறப்பதில்லை.

சேர்மக்கனியின் பின்கழுத்தில் வியர்வை. தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. பின்னால் நின்று பார்த்தால் எல்லோரும் தம்பிதான்.

இழுத்தான்.

ரப்பர் நீண்டது.

"கூசுது அண்ணாச்சி," என்றான் சேர்மக்கனி.

இன்னும் இழுத்தான். கைகள் இரண்டு பக்கமும் விரிந்தன. ரப்பர் மெலிந்து மெலிந்து கூடவே வந்தது. சேர்மக்கனி ஒரு விரலை உள்ளே நுழைத்து நெம்பினான். இருமினான். மூச்சு விட்டான்.

அந்த மூச்சு அவனுக்குக் கேட்டது.

"போதும்," என்றார் ஜெயிலர்.

அவன் ஒரு காலைப் பெஞ்சில் ஊன்றினான். உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தான். தோள்பட்டை தெறித்தது. அன்று இழுத்ததுபோல் இரண்டு மடங்கு. சேர்மக்கனிக்கு முகம் சிவந்தது. கால்கள் தரையை உதைத்தன. மூச்சு மட்டும் நிற்கவில்லை. கரகரவென்று, எச்சிலோடு, போய்ப் போய் வந்தது.

எவ்வளவு இழுத்தாலும் சாகாத கழுத்து. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. விடுவதற்கு மனசே வரவில்லை.

"விடுலே! விடு, நாயே!"

ஜெயிலரின் லத்தி அவன் இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அப்போதும் விடவில்லை. அடுத்த அடி முதுகில். அதற்கடுத்தது பின்தலையில். ரப்பர் நழுவியது. அவன் முகம் குப்புற விழுந்தான். இரண்டு காவலர்கள் அவன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். உதட்டிலிருந்து ரத்தம் சிமெண்டுத் தரையில் வழிந்தது.

சேர்மக்கனி பெஞ்சைப் பிடித்து எழுந்தான். கழுத்தைத் தடவினான்.

"எனக்கு ஒண்ணும் ஆவல சார். அவர அடிக்காதீய."

ஜெயிலருக்கு மூச்சு வாங்கியது. அவன் முகத்தருகே குனிந்தார்.

"போதும்னு சொன்னேம்லா. ஏம்ல விடல?"

"சாகல சார்," என்றான். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "எவ்வளவு இழுத்தும் சாகல."

ஜெயிலர் நிமிர்ந்தார். கீழே கிடந்த ரப்பரை எடுத்துத் தன் இரண்டு கையாலும் இழுத்து விட்டார். பிறகு பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த ரைட்டரிடம் திரும்பினார்.

"ரப்பருக்கு அனுமதின்னு எழுதும்வே. இவனுக்குக் கிடையாது. இனிமே இந்தப் பய அதத் தொடவே கூடாது."

ரைட்டர் எழுதினார்.

காவலர்கள் அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கினார்கள். மேசையைக் கடந்து கொண்டுபோனார்கள். எட்டு மாத உழைப்பு, கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சேர்மக்கனியின் கழுத்தையே பார்த்தான். அங்கே சிவப்பாக ஒரு கோடு. அது அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

வாசலில் உதைத்துக்கொண்டு நின்றான். முதல் முறையாகக் கெஞ்சினான்.

"ஒரு நிமிசம் சார். அந்தத் தடம் மறையுறத மட்டும் பாத்துட்டு வாரேன்."