துரைக்கு ஒரு வாரம் கெடு

"எழுப்புங்க அந்தத் துரையை!" என்று கத்தினார் மேனேஜர்.

துரை, அந்தப் புத்தக பைண்டிங் பட்டறையின் பூனை. எலி பிடிக்கவென்று வேலைக்கு வைத்தது. இப்போது அட்டைக் கட்டின் மேல் படுத்து, வாலை மட்டும் ஆட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் கையில் ஒரு புதுப் புத்தகம். பசை தடவிய முதுகை எலி பொறுமையாகத் தின்று முடித்திருந்தது.

"தண்டச்சோறு! இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். எலி விழலைன்னா, சாக்குல கட்டி எங்கேயாவது விட்டுட்டு வந்துடுங்க."

"அதுக்கு வயசாயிடுச்சு சார்" என்றாள் பசை தடவும் அக்கா.

"வயசாவது மண்ணாவது! பயம் விட்டுப்போச்சும்மா, அதான்."

மறுநாள் காலை அவர் அறை வாசலில் ஒரு செத்த எலி. அதற்கு மறுநாளும். அடுத்து ஒரு பெருச்சாளியே கிடந்தது. பக்கத்தில் துரை, பெருமை கொஞ்சமும் இல்லாமல் கொட்டாவி விட்டது.

மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் பிள்ளையே முதல் மார்க் வாங்கியதுபோல் பட்டறையைச் சுற்றிவந்தார்.

"பார்த்தீங்களா? மிரட்டினாத்தான் வேலை நடக்கும். பூனையா இருந்தா என்ன, மனுஷனா இருந்தா என்ன?"

'மனுஷன்' என்றதும், நூலண்ணன் பக்கம் பார்க்காமலிருக்க எல்லாரும் பெரும்பாடு பட்டார்கள்.

நூலண்ணன் கையால் புத்தகம் தைப்பவர். சமீபமாக விரல்கள் நடுங்குகின்றன. ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதற்குள் அனுப்பிவிட்டால் பென்ஷன் கிடையாது.

மேனேஜர் அவர் முன்னால் போய் நின்றார். "உங்களுக்கும் ஒரு வாரம்தாங்க. பூனையே திருந்திடுச்சு, உங்களுக்கு என்ன?"

"சரிங்க சார்" என்று நூலண்ணன் அவசரமாக ஊசியைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

அந்த வாரமே நூலண்ணனின் மேசையில் தைத்த புத்தகங்கள் மலையாகக் குவிந்தன.

மேனேஜர் உடனே தலைமை ஆபீசுக்குப் போன் போட்டு, பூனையும் நூலண்ணனும் திருந்திய கதையைச் சொன்னார். அங்கே ஆகா ஓகோ என்றார்கள். அடுத்த மாதம் எல்லாக் கிளை மேனேஜர்களுக்கும் இவர்தான் வகுப்பெடுக்க வேண்டுமாம். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'பயமே மருந்து.'

சந்தோஷத்தில் துரைக்கு ஒரு சத்து ஊசி போட கால்நடை டாக்டரை வரவழைத்தார். டாக்டர் துரையின் வாயைத் திறந்து பார்த்தார்.

"இதுவா எலி பிடிக்குது?"

"தினம் ஒண்ணு! ஏன் டாக்டர்?"

"வாயில ஒரு பல்லுகூட இல்லையே சார். எல்லாம் கொட்டி வருஷக்கணக்காச்சு."

பசை அக்கா எதையோ காலால் மேசைக்கடியில் தள்ளினாள். எலிப்பொறி கொஞ்சம் பெரியது. முழுதாக உள்ளே போகவில்லை.

மேனேஜர் நேராக நூலண்ணனின் மேசைக்குப் போனார். மேலிருந்த புத்தகத்தை எடுத்தார். தையலெல்லாம் பசை விரல் ரேகை. அடுத்ததில் கட்டிங் மிஷினின் கிரீஸ். மூன்றாவதில் சிவப்பு நகப்பூச்சு ஒட்டியிருந்தது. அவருடைய சொந்த டைப்பிஸ்ட்டின் நிறம்.

நூலண்ணன் எழுந்து நின்றார். "சார், இவங்க மேல தப்பில்ல. நானே வேலையிலருந்து நின்னுக்கிறேன்..."

மேனேஜர் அந்தப் புத்தகத்தை மெல்ல மூடி வைத்தார்.

"உட்காருங்கண்ணே. நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. ஓய்வுபெறுற வரைக்கும் உங்களை இங்கிருந்து யாரும் அசைக்க முடியாது. துரையையும்தான்."

"சார் மனசு தங்கம்!" பசை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் டாக்டரின் தோளில் கைபோட்டு வாசல்வரை அழைத்துப்போனார். யாரும் பின்னால் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"டாக்டர், உங்க கால்ல வேணா விழறேன். அந்தப் பல் விஷயம் தலைமை ஆபீசுக்குத் தெரிஞ்சா, முதல்ல என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க."